ஹேய்ஸிலிருந்து ஸ்டாக்போர்ட் வரை: மூளைப் படங்களின் வழித்தடம்

உயிருள்ள மனித மூளையை மண்டையோட்டைத் திறக்காமலே படமெடுத்துப் பார்க்கும் முறைகள் இங்கிலாந்தில் தோன்றி வளர்ந்த இடங்களை ஒரு தொடராகக் காண விரும்புவோர், லண்டனின் மேற்கு விளிம்பில் ஹீத்ரோ விமான நிலையத்தை அடுத்துள்ள ஹேய்ஸ் என்னும் தொழில் ஊரிலிருந்து புறப்படுவதே முறையாகும். ரயில் நிலையத்தை ஒட்டிய பிளைத் சாலையில், ஒரு காலத்தில் உலகெங்கும் இசைத்தட்டுகளை அனுப்பிவந்த கிராமபோன் தொழிற்சாலையின் பெருங்கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. ஒலிக்குழாயின் முன் செவி சாய்த்து அமர்ந்திருக்கும் நாயின் படத்தோடு தமிழ் வீடுகளுக்குள் நுழைந்த ஹெச்எம்வி இசைத்தட்டுகளின் தாய் நிறுவனம் இருந்த இடமும் இதுவே. கட்டடங்கள் இன்று குடியிருப்புகளாகவும் அலுவலகங்களாகவும் மாறியுள்ளன. இஎம்ஐ என்று பின்னர் பெயர் பெற்ற அந்நிறுவனம் இவ்வூரில் நடத்திய மைய ஆய்வுக்கூடத்தில்தான், பல்கலைக்கழகப் பட்டம் ஏதும் பெறாதவரும் போர்க்காலத்தில் விமானப்படையில் ரேடார் கற்பித்தவருமான காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் பொறியாளர், 1967-ல் சிடி ஸ்கேன் என்னும் கருவியின் அடிப்படைச் சிந்தனையை எட்டினார்.

சாதாரண எக்ஸ்ரே படத்தில் மண்டையோட்டு எலும்பு தெரியும். அதற்குள் இருக்கும் மென்மையான மூளை தெரியாது. ஹவுன்ஸ்ஃபீல்டு மெல்லிய எக்ஸ்ரே கற்றை ஒன்றைத் தலையின் குறுக்கே பல கோணங்களில் செலுத்தி, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் உள்ளே தங்கிவிட்டது என்பதை அளந்து, அந்த அளவுகள் அனைத்தையும் கணினியில் ஒருசேரத் தீர்த்து, தலையின் ஒரு குறுக்குவெட்டுத் தளத்தில் எந்தப் புள்ளியில் எவ்வளவு அடர்த்தி உள்ளது என்று கண்டறிய முற்பட்டார். முதற் சோதனைக் கருவி ஒரு கடைசல் இயந்திரத்தின் அடித்தளத்தின் மீது அமைக்கப்பட்டது. காமாக் கதிர்களைக் கொண்டு ஒரு படத்துக்கு வேண்டிய அளவுகளை எடுக்கவே அதற்கு 9 நாட்கள் ஆயின. இறைச்சிக்காக வெட்டப்பட்ட மாடுகளின் மூளைகளைப் பெற்றுச் சோதனைகள் தொடர்ந்தன. பீட்டில்ஸ் குழுவின் இசைத்தட்டுகள் ஈட்டிய பணமே இந்த ஆய்வுக்கு முதலாக இருந்தது என்று பலரும் எழுதுகின்றனர். கேட்பதற்கு இனிய செய்திதான், ஆயினும் ஆய்வுச் செலவில் பெரும்பகுதியை ஏற்றது பிரிட்டிஷ் அரசின் சுகாதாரத் துறை என்பதால், வரி செலுத்திய பொதுமக்களுக்கே அந்த நன்றி முதலில் உரியது.

கருவி நோயாளியைச் சந்தித்த இடம் தென்மேற்கு லண்டனில், விம்பிள்டனின் காப்ஸ் ஹில் மேட்டில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையாகும். 1971 அக்டோபர் 1 அன்று, மூளையின் முன்பகுதியில் கட்டி இருக்கலாம் என்று ஐயுறப்பட்ட பெண் ஒருவர் அங்கே முதன்முதலாகப் படமெடுக்கப்பட்டார். அளவுகளைப் பதிவு செய்த காந்த நாடா லண்டனைக் கடந்து ஹேய்ஸுக்கு எடுத்துச் செல்லப்பட்டு, கணினியில் படமாக்கப்பட்டு, மீண்டும் மருத்துவர் ஜேம்ஸ் ஆம்புரோஸின் கைக்கு வந்தது. பக்கத்துக்கு 80 புள்ளிகள் மட்டுமே கொண்ட கரடுமுரடான சதுரமாக அப்படம் இருந்தபோதிலும், நீர் நிறைந்த கட்டி அதில் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. அதற்கு முந்தைய தலைமுறை மருத்துவர்கள் இத்தகைய கட்டியை ஊகிப்பதற்கு, முதுகுத்தண்டின் வழியாகக் காற்றைச் செலுத்தி, அது மூளையின் நீர் அறைகளுக்கு ஏறிய பின் எக்ஸ்ரே எடுத்தனர். நோயாளிகள் கடும் தலைவலியாலும் வாந்தியாலும் நாட்கணக்கில் துன்புற்றனர். அந்த வேதனை வழக்கொழிந்தது என்பது ஒன்றே ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் ஆலன் கோர்மக்குக்கும் 1979-ல் அளிக்கப்பட்ட நோபல் பரிசை நியாயப்படுத்தப் போதுமானது.

அட்கின்சன் மார்லி மருத்துவமனை 2003-ல் மூடப்பட்டு, அதன் வளாகம் வீடுகளாகிவிட்டது. நரம்பியல் சிகிச்சைப் பிரிவு சில மைல் தொலைவில் உள்ள டூட்டிங்கில், செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையின் ஒரு கட்டடத்துக்குப் பழைய பெயரையும் உடன் கொண்டு இடம்பெயர்ந்தது. ஈழத் தமிழர் கடைகளும் தென்னிந்திய உணவகங்களும் வரிசையாக அமைந்த டூட்டிங் கடைவீதியிலிருந்து அக்கட்டடத்துக்கு நடந்தே போய்விடலாம். பக்கவாதம் தாக்கிய ஒருவர் இன்று அங்கே கொண்டுவரப்பட்டால், அது இரத்தக் குழாய் அடைத்ததால் வந்ததா, வெடித்ததால் வந்ததா என்று பிரித்தறிய முதலில் எடுக்கப்படுவது சிடி ஸ்கேனே. இரண்டுக்குமான சிகிச்சைகள் ஒன்றுக்கொன்று எதிரானவை என்பதால், படம் சொல்லும் விடையின் மீதே அவருடைய உயிர் நிற்கிறது.

மூளைக் கட்டிக்காகவும் பக்கவாதத்துக்காகவும் உருவான கருவி மனநோயின் பக்கம் திரும்பிய இடம் லண்டனின் வடமேற்கே, ஹேரோவில் உள்ள நார்த்விக் பார்க் மருத்துவமனையாகும். மனச்சிதைவு நோய் என்பது இல்லாத குரல்கள் கேட்பதும், பிறர் நம்ப முடியாதவற்றை உறுதியாக நம்புவதும், சிந்தனை கோவையிழப்பதும் உள்ளடங்கிய நோயாகும். அதில் மூளையின் வடிவில் மாற்றம் ஏதும் இல்லை என்பதே அக்காலத்துப் பொதுக்கருத்து. ஈவ் ஜான்ஸ்டன், டிம் குரோ, கிறிஸ் ஃப்ரித் உள்ளிட்டோர் நெடுங்காலம் மருத்துவமனையிலேயே வாழ்ந்த 17 நோயாளிகளைச் சிடி ஸ்கேனில் படமெடுத்து, நலமுள்ள 8 பேரோடு ஒப்பிட்டு, நோயாளிகளின் மூளைக்குள் உள்ள நீர் அறைகள் விரிந்திருப்பதை 1976-ல் வெளியிட்டனர். யேனா நகரத்து மருத்துவர்கள் 1927-லேயே காற்றுப் படங்களின் வழியாக இதை ஒத்த ஒன்றைக் கண்டிருந்தும், அது மறக்கப்பட்டுக் கிடந்தது. 17 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கையே. எனினும் பின்வந்த பல ஆய்வுகளில் நிலைத்து நின்ற முடிவு அது. விரிந்த அறைகள் நோயாளிகளின் சராசரியில் தெரிந்தனவே அன்றி, ஒருவருடைய படத்தை மட்டும் தனியே எடுத்து வைத்து அவருக்கு நோய் உண்டு, இல்லை என்று கூற இயலவில்லை என்பதையும் இங்கேயே மனத்தில் கொள்ள வேண்டும். வடக்கே எவ்வளவு தூரம் சென்றாலும் இந்தத் தடை வழிநெடுகக் குறுக்கிடுகிறது.

மேற்கு லண்டனில் ஈஸ்ட் ஆக்டன் ரயில் நிலையத்தில் இறங்கி டூ கேன் சாலைக்கு வந்தால், வோர்ம்வுட் ஸ்கரப்ஸ் சிறைச்சாலையின் கோபுர வாயிலை அடுத்து ஹேமர்ஸ்மித் மருத்துவமனை வருகிறது. மருத்துவத்துக்கென்றே அமைக்கப்பட்ட உலகின் முதல் சைக்ளோட்ரான் 1955-ல் இங்கே இயங்கத் தொடங்கியது. சைக்ளோட்ரான் என்பது அணுத்துகள்களைச் சுழற்றி வேகமேற்றிப் பிற பொருள்களின் மீது மோதவைத்துக் கதிரியக்கத் தனிமங்களை உண்டாக்கும் பொறி. அத்தனிமங்களை மூளை பயன்படுத்தும் ஒரு வேதிப்பொருளில் இணைத்து நரம்பின் வழியாகச் செலுத்தி, அவை மூளையில் எங்கே சேர்கின்றன என்பதை வெளியிலிருந்து கண்டறிவது பெட் ஸ்கேன் எனப்படுகிறது. இத்தனிமங்கள் நெடுநேரம் நிலைப்பதில்லை: ஆக்சிஜன்-15 ஏறத்தாழ 2 நிமிடத்திலும், கார்பன்-11 20 நிமிடத்திலும், ஃபுளோரின்-18 110 நிமிடத்திலும் பாதியாகக் குறைந்துவிடுகின்றன. ஆகவே பொறியும் வேதியியல் கூடமும் நோயாளி படுத்திருக்கும் அறையும் ஒரே வளாகத்தில் நெருங்கி அமைய வேண்டியதாயிற்று; இங்குள்ள கட்டடங்களின் அமைப்பையே இயற்பியலின் கடிகாரம் வரைந்திருக்கிறது.

டோபமைன் என்னும் வேதிப்பொருளை நரம்பு உயிரணுக்கள் எவ்வளவு சுறுசுறுப்பாகத் தயாரிக்கின்றன என்பதைக் காட்டும் ஃபுளோரோடோபா என்ற தடங்காட்டியைக் கொண்டு இங்கே நடந்த ஆய்வுகள் தனிக் கவனத்துக்கு உரியவை. கை நடுக்கமும் உடல் விறைப்பும் அசைவில் மந்தமும் தரும் பார்க்கின்சன் நோயில், மூளையின் ஆழத்தில் உள்ள புட்டாமென் என்ற பகுதியில் இந்தத் தடங்காட்டி சேர்வது குறைகிறது. குறைவு அதன் பின்புறத்தில் தொடங்குகிறது. நடுக்கம் முதலில் கண்ட கைக்கு எதிர்ப்புறத்து மூளையில் அது மிகுதியாகவும் இருக்கிறது. அதே தடங்காட்டியை மனச்சிதைவு நோயாளிகளுக்குச் செலுத்திய ஆலிவர் ஹவ்ஸ் முதலியோர், அவர்களிடம் டோபமைன் தயாரிப்பு கூடுதலாக இருப்பதையும், நோய் முழுமையாக வெளிப்படும் முன்னரே அறிகுறிகள் அரும்பத் தொடங்கியவர்களிடமும் அக்கூடுதல் காணப்படுவதையும் கண்டனர். டோபமைனைத் தடுக்கும் வழக்கமான மருந்துகளால் பயனடையாத நோயாளிகளிடமோ தயாரிப்பு இயல்பாகவே இருந்தது. நரம்பியல் மருத்துவர் குறைவென்று படித்ததும் மனநல மருத்துவர் மிகுதியென்று படித்ததும் ஒரே மருந்துக் குப்பி காட்டிய ஒரே ஒளிப்புள்ளிகளையே; இந்த இரு துறைகளையும் பிரித்துவைத்த சுவர் மூளைக்குள் எங்கும் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

மனச்சோர்வு நோயின் கதை இவ்வளவு தெளிவானதன்று. வாரக்கணக்கில் நீங்காத துயரமும், எதிலும் நாட்டமின்மையும், உறக்கமும் பசியும் கெடுவதுமான இந்நோய் செரோடோனின் என்ற வேதிப்பொருளின் குறைவால் வருகிறது என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்தபோதிலும், உயிருள்ள மூளையில் அதை நேரடியாகக் காட்டுவது கடினமாகவே இருந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், பார்க்கின்சன் நோயோடு மனச்சோர்வும் கொண்ட சிலரை உள்ளடக்கிய 17 நோயாளிகளையும் நலமுள்ள 20 பேரையும் பெட் ஸ்கேனில் ஒப்பிட்டு, மருந்தால் தூண்டப்படும்போது நோயாளிகளின் மூளையில் செரோடோனின் வெளியாவது குறைவாக இருந்தது என்று 2022-ல் அறிவித்தனர். முக்கியமான முடிவு, ஆனால் 37 பேரைக் கொண்டு, மனச்சோர்வின் காரணமே இதுதான் என்று யாரும் முரசறைந்துவிடக் கூடாது.

ஹேமர்ஸ்மித்திலிருந்து சென்ட்ரல் வழித்தடத்தில் ஹோல்பார்னுக்கு வந்து சிறிது நடந்தால், புளூம்ஸ்பரியின் நடுவே, மரங்கள் சூழ்ந்த நீள்சதுரப் பூங்காவைச் சுற்றி மருத்துவமனைகள் அமைந்த குயின் ஸ்கொயர் வருகிறது. சாண்ட்லர் குடும்பத்துச் சகோதரிகள் தம் சகோதரரோடு சேர்ந்து 1859-ல் நிறுவி, மறு ஆண்டில் 8 படுக்கைகளோடு தொடங்கிய நரம்பியல் மருத்துவமனை இங்கேதான் வளர்ந்தது. வலிப்பு நோயை மூளையின் பகுதிகளோடு இணைத்துக் காட்டிய ஹியூலிங்ஸ் ஜாக்சன் பணியாற்றிய இடம் இது. சதுக்கத்தின் ஒரு மூலையில் குயின்ஸ் லார்டர் என்னும் பழைய மதுவிடுதி உள்ளது. மனம் பேதலித்த மன்னர் மூன்றாம் ஜார்ஜ் இச்சதுக்கத்து வீடொன்றில் சிகிச்சை பெற்றபோது, அரசி சார்லட் அவருக்குப் பிடித்த உணவுப் பண்டங்களை அதன் நிலவறையில் சேமித்து வைத்திருந்தார் என்பது செவிவழிச் செய்தி. அம்மன்னருக்கு வந்தது இரத்த நிறமி உற்பத்தியில் ஏற்படும் போர்ஃபிரியா என்னும் உடற்கோளாறே என்று 1966-ல் வாதிட்ட தாயும் மகனுமான ஐடா மெக்கல்பைன், ரிச்சர்டு ஹன்டர் இருவருள், ஹன்டர் இதே சதுக்கத்து மருத்துவமனையின் மனநல மருத்துவர். மிதமிஞ்சிய எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறே அது என்று பிற்கால ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஒரு மன்னரின் நோய் உடலுக்கும் மனத்துக்கும் இடையே இருநூறு ஆண்டுகளாக அலைவதைப் பார்க்கும்போது, இன்றைய மூளைப் படங்கள் தீர்க்க முயலும் வழக்கு எவ்வளவு பழையது என்பது விளங்கும்.

ஹேமர்ஸ்மித்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஃப்ராக்கோவியாக்கின் குழு 1994-ல் சதுக்கத்தின் 12-ம் எண் கட்டடத்துக்கு இடம்பெயர்ந்து, மூளையின் செயற்பாட்டைப் படமெடுக்கும் ஆய்வகத்தை நிறுவியது. இங்கே முதன்மையாகப் பயன்பட்டது எம்ஆர்ஐ என்னும் காந்த அதிர்வுப் படமுறை. வேலை செய்யும் மூளைப் பகுதிக்குத் தேவைக்கு மிஞ்சியே ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் பாய்கிறது. ஆக்சிஜன் ஏற்ற இரத்தமும் ஏற்காத இரத்தமும் காந்தப்புலத்தில் வெவ்வேறாக நடந்துகொள்கின்றன. இந்த வேறுபாட்டைப் பதிவதே செயற்பாட்டு எம்ஆர்ஐ. ஆகவே அதில் தெரிவது எண்ணமன்று, எண்ணத்தைத் தொடர்ந்து சில நொடிகள் பிந்தி வரும் இரத்தம். நாளிதழ்களில் மூளை ‘ஒளிர்வதாக’ வரும் வண்ணப் படங்களைக் காண்போர் இதை மறக்கலாகாது. அவ்வண்ணமும் படத்தில் இருந்ததன்று. மூளையை நூறாயிரத்துக்கும் குறையாத சிறு கனசதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வேறுபாடு தற்செயலானதா என்று புள்ளியியல் முறையில் சோதித்து, தேறியவற்றுக்குப் பூசப்பட்டது. இச்சோதனைக்கான மென்பொருளைக் கார்ல் ஃப்ரிஸ்டன் ஹேமர்ஸ்மித்தில் இருந்தபோதே எழுதி, 1991 முதல் ஆய்வாளர்களுக்கு இலவசமாக வழங்கினார். இத்தகைய மென்பொருள்கள் சில, வழக்கமான சில அமைப்புகளில், உண்மையில் இல்லாத வேறுபாட்டை எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு அதிகமாகக் ‘கண்டுபிடிக்கின்றன’ என்று ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2016-ல் காட்டியபோது, துறை முழுவதும் அதிர்ந்தது. அந்த அதிர்ச்சியை வெளிப்படையாக விவாதித்து முறைகளைத் திருத்திக்கொண்டது இத்துறையின் பெருமைகளுள் ஒன்றாகவே கொள்ளத்தக்கது.

சதுக்கத்தைச் சுற்றிச் செல்லும் கறுப்பு டாக்சிகளுக்கும் இக்கட்டடத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. லண்டனின் ஆயிரக்கணக்கான தெருக்களை மனத்தில் பதித்த ஓட்டுநர்கள் 16 பேரைப் படமெடுத்த எலினார் மகுவையர், நினைவுக்கும் வழியறிவதற்கும் உரிய ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பின்புறம் அவர்களிடம் பெரிதாக இருப்பதை 2000-ல் வெளியிட்டார். இந்த ஹிப்போகாம்பஸ்தான் இரு துறைகளின் இடைவெளியை அளக்கவும் உதவுகிறது. மருந்துக்குக் கட்டுப்படாத ஒருவகை வலிப்பு நோயில், ஒரு பக்கத்து ஹிப்போகாம்பஸ் சுருங்கித் தழும்பேறியிருப்பது அந்த ஒரு நோயாளியின் எம்ஆர்ஐ படத்திலேயே கண்ணுக்குத் தெரியும். அப்பகுதியை அறுவை மருத்துவர் நீக்கினால், பலர் வலிப்பிலிருந்து விடுபடுகின்றனர். குயின் ஸ்கொயரில் நடக்கும் அறுவைகளில், பார்வை நரம்பிழைகள் செல்லும் பாதையையும் எம்ஆர்ஐ வழியாக வரைந்து, கத்தி அதைத் தொடாதபடி வழிகாட்டுகின்றனர். மனச்சோர்விலும் ஹிப்போகாம்பஸ் சிறிதாகிறது. ஆனால் பல நாடுகளின் படங்களைத் திரட்டி, 1,728 நோயாளிகளையும் நலமுள்ள 7,199 பேரையும் ஒப்பிட்ட எனிக்மா கூட்டாய்வில் தெரிந்த வேறுபாடு ஏறத்தாழ 1.2 விழுக்காடு மட்டுமே. நலமுள்ள இருவருக்கிடையே உள்ள இயல்பான வேறுபாடே இதைவிடப் பெரிது என்பதால், வெளிநோயாளிப் பிரிவில் எதிரே அமர்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி அந்த எண் எதையும் சொல்வதில்லை.

தென் லண்டனின் டென்மார்க் ஹில் சாலையில் இவ்விடைவெளி தெருவாகவே காட்சியளிக்கிறது. ஒரு புறம் பக்கவாதத்துக்கும் மூளை அறுவைக்கும் பேர்பெற்ற கிங்ஸ் கல்லூரி மருத்துவமனை. எதிர்ப்புறம், மருத்துவர் ஹென்றி மோட்ஸ்லி 1907-ல் அளித்த 30,000 பவுண்டு கொடையால் உருவான மோட்ஸ்லி மனநல மருத்துவமனை. முதல் உலகப் போரில் குண்டுவீச்சின் அதிர்ச்சியால் நிலைகுலைந்த படைவீரர்களையே மோட்ஸ்லி முதலில் ஏற்றது. 1923-ல்தான் பொதுமக்களுக்குத் திறந்தது. அதை ஒட்டிய ஆய்வு நிறுவனத்தில் எம்ஆர்ஐ கருவிகள் இரவும் பகலும் ஆய்வுக்கு உழைத்தாலும், மோட்ஸ்லியில் மனச்சோர்வையோ இருமுனைக் கோளாறையோ முடிவு செய்வது, இன்றளவும், நோயாளியின் சொல்லைக் கேட்டும் அவர் வாழ்க்கையை விசாரித்தும் அறியும் மருத்துவரே. கட்டியோ வீக்கமோ வேறு நோயோ இல்லை என்று உறுதி செய்துகொள்ளவே ஸ்கேன் பயன்படுகிறது. மனநோய்களை அறுதியிட மூளைப் படம் இன்னும் தகுதி பெறவில்லை என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தைச் சார்ந்த வல்லுநர் குழுவும் 2018-ல் எழுதியது. எனவே ஸ்கேன் செய்து மனச்சோர்வைக் காட்டித் தருவதாகக் கட்டணம் கேட்கும் எந்த விளம்பரத்தையும், அது எந்நாட்டில் வந்தாலும், நோயாளியின் குடும்பத்தார் நம்ப வேண்டியதில்லை.

லண்டன் செயின்ட் பேங்க்ரஸ் நிலையத்திலிருந்து வடக்கே செல்லும் ரயில் இரண்டு மணி நேரத்துக்குள் நாட்டிங்காமை அடைகிறது. பதினைந்து வயதில் பள்ளியை விட்டு அச்சகத்தில் புத்தகம் கட்டும் வேலை பழகிய பீட்டர் மேன்ஸ்ஃபீல்டு, இந்நகரத்துப் பல்கலைக்கழகத்தில் எம்ஆர்ஐ படங்களை மிக விரைவாக எடுக்கும் முறையை 1977-ல் வகுத்தார். நொடிக்கணக்கில் மாறும் மூளைச் செயற்பாட்டைப் பிடிக்க வழி செய்ததும் அம்முறையே. 2003-ல் பால் லாட்டர்பருடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்தார். அவர் பெயரிலேயே இயங்கும் படமெடுப்பு மையத்தைக் கொண்ட இந்நகரின் ஆய்வாளர்கள், மருந்துகளுக்கு இணங்காத மனச்சோர்வு உடைய 255 பேரிடம், தலைக்கு வெளியே வைக்கும் காந்தச்சுருளால் மூளையின் முன்பகுதியைத் தூண்டும் சிகிச்சையை இங்கிலாந்தின் ஐந்து மையங்களில் சோதித்தனர். ஒரு பிரிவினருக்கு, மூளைப் பகுதிகளுக்கிடையே உள்ள இணைப்பை எம்ஆர்ஐயால் ஆளுக்கு ஆள் அளந்து தூண்டும் இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. மறு பிரிவினருக்கு வழக்கமான இடம். இரு பிரிவினரும் பல மாதங்கள் நீடித்த நலம் கண்டனர். ஆனால் இணைப்பை அளந்து குறிவைத்தவர்களுக்குக் கூடுதல் பயன் இல்லை என்று 2024-ல் வெளியான முடிவு கூறிற்று. எதிர்பார்ப்பு பொய்த்தாலும், நாட்டிங்காமில் கிடைத்தது நோயாளிகளுக்குப் பயன்படும் விடையே: பல ஆண்டுகள் மருந்தால் தேறாதவர்களுக்கு இச்சிகிச்சை உதவுகிறது, அதற்கு ஒவ்வொருவரின் இணைப்பு வரைபடமும் இன்றியமையாததன்று.

நாட்டிங்காமிலிருந்து ஷெஃபீல்டு வழியாகப் பீக் மாவட்டத்தின் குன்றுகளைக் குடைந்து செல்லும் ரயில் ஸ்டாக்போர்ட்டில் நிற்கிறது. அதை அடுத்த சீடிலில், யூகே பயோபேங்க் என்னும் மக்கள்நல ஆய்வுத் திட்டத்தின் படமெடுப்பு மையம் 2014 முதல் இயங்குகிறது. 40 முதல் 69 வயது வரையிலான 5 லட்சம் தன்னார்வலர்களை 2006-க்கும் 2010-க்கும் இடையே சேர்த்த இத்திட்டம், அவர்களில் ஒரு லட்சம் பேரின் மூளையையும் இதயத்தையும் உடலையும் இங்கும் வேறு சில நகரங்களிலும் படமெடுக்க முனைந்தது. மூளையின் அமைப்பையும் நடத்தையையும் நம்பத்தக்க விதத்தில் இணைக்க ஆயிரக்கணக்கானோர் தேவை என்று 2022-ல் வெளியான பெரிய ஆய்வொன்று நிறுவியதை எண்ணிப் பார்த்தால், 17 பேரோடு நார்த்விக் பார்க்கில் தொடங்கிய முயற்சிக்கு இந்த அளவு எவ்வளவு அவசியமானது என்பது புலப்படும்.

எண்ணிக்கையைக் காட்டிலும் காலமே இங்கு முக்கியம். நோய் வந்த பிறகு எடுத்த படத்தில் காணும் மாற்றம் நோயின் காரணமா, விளைவா, பல ஆண்டு மருந்தின் தடமா என்று பிரிக்க இயலாது. முன்னும் பின்னும் எடுத்த இரு படங்கள் இருந்தால் அக்கேள்வியைத் தொட முடியும். கொரோனா பரவலின்போது இது மெய்ப்பட்டது: இரு முறை படமெடுக்கப்பட்ட 785 பேரில், இடையே தொற்று கண்ட 401 பேரின் மூளையில், மணத்தோடு தொடர்புடைய பகுதிகள் மற்றவர்களுடையதைவிடச் சற்றுக் கூடுதலாகக் குறைந்திருந்ததை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2022-ல் காட்டினர். முதற்படம் முன்பே எடுத்து வைக்கப்பட்டிராவிட்டால் அந்த ஒப்பீடே நடந்திருக்காது. இப்போது ஏற்கெனவே படமெடுத்தவர்களில் 60,000 பேரை மீண்டும் அழைத்து இரண்டாம் முறை படமெடுக்கும் பணி தொடர்கிறது. அவர்களில் பார்க்கின்சன் நோயோ மறதி நோயோ மனச்சோர்வோ வருங்காலத்தில் காண்போரின் கோப்புகளில், நலமாக இருந்த நாளின் படமும் அதன் பின்னர் எடுத்த படமும் அடுத்தடுத்து இருக்கும்.